தாமிரபரணிப் படுகையில் தொல்மாந்தர் தடயங்கள்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாகச் சுமார் 128 கி.மீ. ஓடுகிறது. மனித குலத்தின் பழமையைப் பேசும் சான்றுகள் இந்தப் படுகையில் மூன்று வகையாகக் கிடைக்கின்றன. மேற்கே மலைக்காட்டில் இன்றும் வாழும் குரங்கினங்கள், கிழக்கே கடலோரத் தேரிகளில் சிதறிக் கிடக்கும் நுண்கற்கருவிகள், இடையே ஆதிச்சநல்லூர்ப் பரம்பின் தாழிகளில் அடங்கிய எலும்புகள். ஆதிச்சநல்லூர் எலும்புகள் நம்மைப் போன்ற மனிதர்களுடையவை. இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. நமக்கு முன் வாழ்ந்த வேறு மனித இனம் எதன் எலும்பும் இப்படுகையில் இதுவரை கிடைத்ததில்லை. மேடைப் பேச்சுகளில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுவதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பின்புலம்

மனிதக் கிளையும் சிம்பன்சிக் கிளையும் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இரு காலில் நடந்த ஆஸ்திரலோபித்தேக்கஸ் வகையினர் பல இலட்சம் ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து மறைந்தனர். ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே ஹோமோ பேரினத்தைச் சேர்ந்தவர்கள் ஆசியாவுக்குள் வந்துவிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய எலும்புகள் சுமார் 3 இலட்சம் ஆண்டு வயதுள்ளவை, மொரோக்கோவில் கிடைத்தவை.

இந்தியாவில் தொன்மாந்தர் எலும்புக்கு முதன்மையான சான்று, 1982 டிசம்பரில் நர்மதைக் கரை ஹத்னோராவில் அருண் சோனகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி. தமிழகத்தில் கிடைத்திருப்பவை கற்கள். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்ததிலிருந்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்குகிறது. அதே ஆண்டில் கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கமும் வெளிப்பட்டது. சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டு என 2011இல் வெளியிட்டார்கள். அதே இடத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிமுறை 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாக 2018இல் அறிவித்தார்கள். செய்தவர்களின் எலும்பு அங்கும் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்கள் சில மட்டுமே எஞ்சின.

காவிரிக்குத் தெற்கே கைக்கோடரி அரிது. நல்ல குவார்ட்சைட் கூழாங்கற்கள் வடதமிழகத்தில்தான் நிறையக் கிடைக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எலும்பு எஞ்சாததற்கு மண்தான் காரணம். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மீண்டும் நனையும் செம்மண்ணில் எலும்பின் கனிமம் கரைந்து போகும். எலும்பைக் காக்கும் சுண்ணாம்புக் குகைகளும் இப்படுகையில் இல்லை.

தேரிக் கற்கருவிகள்

படுகையில் மனிதர் வாழ்ந்ததற்கான பழைய சான்றுகளில் ஐயமற்றவை தேரிகளில் இருக்கின்றன. ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும், குதிரைமொழி, சாத்தான்குளம், நாசரேத், இடையன்குடி வட்டாரங்களில் மேடுமேடாகக் கிடக்கும் செந்நிற மணற்குன்றுகளே தேரிகள். மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுப் பூச்சு இந்த மணலைச் சிவப்பாக்கியது. தேரிகளின் பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கும் தருவைகள் உண்டு. பனையும் உடைமரமும் அன்றி வேறு நிழல் குறைந்த இந்த நிலத்தில், ஆடிக்காற்று மணலை அரித்துப் போன இடங்களில் அடித்தளம் வெளிப்படுகிறது. அங்கே வெங்கச்சான் கல்லிலும் செர்ட் கல்லிலும் செய்த சிறு கருவிகள் கிடக்கின்றன.

சாயர்புரம் தேரியில் இத்தகைய சில்லுகளை முதலில் கவனித்தவரும் ஃபூட்தான். பிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை இத்துறையின் அடிப்படை. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், குளத்தூர், சூரங்குடி, புத்தன்தருவை உள்ளிட்ட இடங்களை அது விவரிக்கிறது. பிறைவடிவச் சில்லுகள், முக்கோணங்கள், சுரண்டிகள், கூர்முனைகள் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. பலவும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளாதவை. தனியே கையில் பிடித்துப் பயன்படுத்தத் தக்கவை அல்ல. மரத்தண்டிலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்து அம்பாகவும் ஈட்டியாகவும் ஆக்கினார்கள். இருபுறமும் அழுத்திச் செதுக்கிய கூர்முனைகளும் இங்கே உண்டு. இந்திய நுண்கற்கருவிகளில் இது அபூர்வம். இலங்கையில் இதற்கு இணைகள் இருக்கின்றன.

இவற்றின் வயதைச் சாய்னர் கடல்மட்டத்தைக் கொண்டு கணித்தார். கருவிகள் கிடந்த மட்டத்தை, கடல் இன்றைக்கும் மேலே 20 முதல் 30 அடி உயர்ந்திருந்த காலத்தோடு இணைத்து, கி.மு. 4000 அளவில் வைத்தார். அன்று வேறு வழி இல்லை. மணல்மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளியுமிழ் முறை வந்தபின் கணக்கு மாறியது. 2012இல் வெளியான ஆய்வின்படி, செம்மணல் படிவு 11,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. மணலின் வயதும் அதன்மேல் கிடக்கும் கல்லின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே மேற்பரப்பில் பொறுக்கியதை வைத்து முடிவு செய்யாமல், மண்ணடுக்கில் பதிந்த கருவிகளை அகழ்ந்து காலம் காண்பதே இங்கு மிகுதியும் தேவைப்படும் வேலை.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரை இதற்கு வழி காட்டுகிறது. இலங்கையின் பாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனிதக் குடியிருப்பும், பட்டதொம்பலேனாவில் 35,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நுண்கற்கருவிகளும் கிடைத்துள்ளன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். தாமிரபரணியின் கடற்கரையும் இன்றைய கரைக்கு வெகு கிழக்கே இருந்தது. அங்கே தங்கிய வேட்டையாடிகளின் கற்கள் இருந்தால், அவை இப்போது நீருக்கடியில்.

லெமூரியாவும் தேவாங்கும்

கடல் கொண்ட நிலம் என்றதும் குமரிக்கண்டம் நினைவுக்கு வரும். மேலே சொன்னது கரையோரச் சமவெளிதான்; கண்டமன்று. குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் இட்டவர் ஆங்கில விலங்கியலர் பிலிப் ஸ்க்லேட்டர். மடகாஸ்கரில் லெமூர்கள், இந்தியாவில் அவற்றின் உறவினமான தேவாங்கு. இடையே கடல். எனவே ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். எர்ன்ஸ்ட் ஹெக்கல் அந்த ஊகத்தின்மேல் மனிதனின் தொட்டிலையே ஏற்றி வைத்தார். ஹெக்கலின் கருத்துகளால் உந்தப்பட்டுத் தென்கிழக்காசியாவுக்குப் போன யூஜின் துபுவா, 1891இல் சாவகத்தில் ஹோமோ எரக்டசைக் கண்டெடுத்தார் என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புகளில் ஒன்று.

ஸ்க்லேட்டரை வியக்கவைத்த தேவாங்கு இப்படுகையின் முட்காடுகளில் இன்றும் இரவில் பூச்சி பிடித்துத் திரிகிறது. அதன் புதிரும் அவிழ்ந்துவிட்டது. மடகாஸ்கரும் இந்தியாவும் சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், லெமூர்கள் தோன்றுவதற்கு முன்பே பிரிந்தன. தேவாங்குக் குடும்பத்தின் பழைய புதைபடிவங்கள் எகிப்தில் கிடைக்கின்றன. மூழ்கிய கண்டம் ஒன்று இல்லாமலே எல்லாம் விளங்குகிறது.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் தேவாங்கோடு சிங்கவால் குரங்கு, நாட்டுக்குரங்கு, கருமந்தி, சாம்பல் மந்தி என ஐந்து வகை முதனிகள் வாழ்கின்றன. தேவாங்கின் கிளை நம் கிளையிலிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே விலகியது. மற்ற நான்கின் கிளை 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகியது. அவற்றிலிருந்து மனிதன் பிறக்கவில்லை. அவற்றுக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் இருந்தனர், அவ்வளவே.

ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள்

திருநெல்வேலிக்குக் கிழக்கே சுமார் 24 கி.மீ. தொலைவில், ஆற்றின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்பில் கிடக்கும் இந்த ஈமக்காட்டை 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவாக அகழ்ந்தார். 2004-05இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. இங்கு கிடைத்த கரித்துண்டுகள் கி.மு. 10, 7ஆம் நூற்றாண்டுகளைக் காட்டின. அருகேயுள்ள சிவகளையில் கிடைத்த தாழி நெல் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது.

ரீ சேர்த்த மண்டையோடுகளை அளந்த சாலி சுக்கர்மனின் அறிக்கை 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அக்கால வழக்கப்படி ஒவ்வொரு மண்டையோடும் ஏதேனும் ஓர் இனப்பெட்டியில் போடப்பட்டது. 2004க்குப் பின்னரும் ஆதிச்சநல்லூரில் இத்தனை விழுக்காடு இன்ன இனத்தார் என்ற செய்திகள் உலவின. இந்த முறையை ஏற்க இடமில்லை. தலையின் நீள அகல விகிதம் வளரும் சூழலால் மாறும் என்பதை பிரான்ஸ் போவாஸ் 1912க்குள்ளேயே, அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை அளந்து காட்டிவிட்டார். ஒரே ஊரின் மக்களுக்குள்ளேயே தலைவடிவம் பலவாறாக இருக்கும்.

எலும்புகள் சொல்லக்கூடியவை வேறு. பல் எனாமலில் படிந்த ஸ்ட்ரான்சியம், குழந்தைப் பருவத்தை எந்த மண்ணில் கழித்தார் என்பதைக் காட்டும். பற்சொத்தையும் எனாமல் வரிகளும் உணவையும் பசியையும் காட்டும். மரபணு கிடைத்தால் உறவுமுறை தெரியும். ஆனால் வெப்பமண்டல மண்ணில் அது விரைவில் சிதைகிறது. உடலிலேயே அடர்த்தியான எலும்பாகிய உட்செவியைச் சூழ்ந்த பாறை எலும்பில்தான் அது எஞ்ச வாய்ப்பு மிகுதி. அடுத்த தாழி திறக்கப்படும்போது, வெறுங்கை படாமல் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டியது அந்த எலும்பு.