கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்: புடையன் விஷம் சொல்லித்தந்த இரத்தக் கதை

புல்மோட்டை எண்டா வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது இல்மனைட் மணலைப் பற்றித்தான். கறுப்பாகக் கப்பலேறிப் போய் வெள்ளைப் பெயின்ற்றாகத் திரும்பி வருகிற மணல். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறோம். இது வயல் பக்கத்துக் கதை.

பெரும்போக அறுவடை நேரம். எங்களில் ஒருத்தியின் மாமாவுக்கு மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வரம்பில் வைத்துப் பாம்பு கடித்தது. தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி மாதிரி வட்ட வட்டமாகப் புள்ளி. புடையன். புத்தகத்தில் கண்ணாடி விரியன் என்று போட்டிருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கொஞ்ச இரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசையில் நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். வேறொன்றும் நடக்கவில்லை. மாமிக்குப் பொறுக்கவில்லை. "ரத்தத்த வெச்சிப் பாத்துட்டு இருக்காங்களே, மருந்து போட மாட்டாங்களாடி?" இருபது நிமிடம் கழித்துத் தாதி குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் விஷமுறி மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

மாமா பிழைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். எங்களுக்குத்தான் அந்தக் குழாய் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் கலைப்பீடம். ஓ.எல். விஞ்ஞானத்தோடு குருதிச் சுற்றோட்டம் முடிந்த ஆட்கள். ஆனாலும் தேடினோம். தேடியதில் கிடைத்தது ஒரு நீளமான வரலாறு.

முதலில் எங்களைக் குழப்பிய விஷயம். புடையன் கடித்தால் இரத்தம் உறையாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த விஷம் இரத்தத்தை உறைய வைக்கிற விஷம். எங்கள் இரத்தத்தில் உறைதல் காரணிகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. சாதாரண நாளில் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். காயம் பட்டால் ஒன்று எழும்பி மற்றதை எழுப்பும். கடைசியில் துரொம்பின் என்ற நொதியம் உருவாகி, பைபிரினோஜனைப் பைபிரின் நாராக மாற்றும். அந்த நார்தான் இரத்தக் கட்டி. புடையன் விஷத்தில் உள்ள ஒரு நொதியம் நேராகப் பத்தாம் காரணியை எழுப்புகிறது. இன்னொன்று ஐந்தாம் காரணியை. காயமே இல்லாத இடத்தில், உடம்பு முழுக்க, வேலை தொடங்கிவிடுகிறது. சில மணித்தியாலத்தில் பைபிரினோஜன் முழுக்கத் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு உறைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மாமாவின் இரத்தம் ஓடியது அதனால்தான்.

இந்தப் பாம்பை மேற்கத்திய விஞ்ஞானத்துக்குள் கொண்டுபோனவர் பற்றிக் ரசல் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பனியின் இயற்கை ஆய்வாளராகச் சோழமண்டலக் கரையில் வேலை செய்தவர். அந்தக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் புத்தகம் போட்டார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு விஷத்தைச் சோதித்தார். பாம்புக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். ரசலுக்கு முந்தி ஆயிரம் வருசமாக இதை மிதித்தவர்கள், பிடித்தவர்கள், பெயர் வைத்தவர்கள் யாரும் அந்தப் பெயருக்குள் இல்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறோம்.

பிறகு லண்டன், 1934. மக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவருக்கு ஹீமோபீலியா நோயாளிகளின் இரத்தப்போக்கை நிறுத்த வழி வேண்டும். லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பேர்ஜஸ் பார்னெற்றோடு சேர்ந்து பல பாம்புகளின் விஷத்தைச் சோதித்தார். வென்றது எங்கட புடையன். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்து, பல் பிடுங்கிய குழியில் வைத்தால் இரத்தம் நின்றது. ஸ்டிப்வென் என்ற பெயரில் அது மருந்தாகவும் விற்கப்பட்டது. கொல்லுகிற சாமானைப் பல் வைத்தியத்துக்கு எடுத்த துணிச்சலை நாங்கள் கொஞ்சம் ரசிக்கத்தான் செய்தோம்.

ஏன் வேலை செய்தது என்பது அன்றைக்குத் தெரியாது. ஹீமோபீலியாக்காரரிடம் குறைவது எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி. விஷமோ அதைத் தாண்டிக் குதித்து நேராகப் பத்தாம் காரணிக்குப் போகிறது. இப்படி இடையில் நுழைகிற சாமான் கையில் இருந்தபடியால், எது முன், எது பின் என்று வரிசையைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. 1962-இல் வில்லியம்ஸும் எஸ்னூஃபும் விஷத்திலிருந்து அந்த நொதியத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்தும் வழியை எழுதினார்கள். 1964-இல் அதே மக்ஃபார்லேன் முழு வரிசையையும் ஒன்றை ஒன்று தூண்டிவிடும் படிகளாக வரைந்தார். அதே வருசம் அமெரிக்காவில் டேவியும் ராட்னொஃபும் அதை ஒரு நீர்வீழ்ச்சி என்று எழுதினார்கள். இன்றைக்கு மருத்துவ பீடத்து மாணவர் மனப்பாடம் செய்கிற படம் இதிலிருந்து வந்ததுதான்.

தேடிக்கொண்டு போகும்போது ஒரு தமிழ்ப் பெயர் வந்தது: பெருமாள் தியாகராஜன். பெங்கோ, ஷபிரோ என்ற இருவரோடு சேர்ந்து 1986-இல் 'பிளட்' என்ற ஆய்விதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சிலருடைய உடம்பு, குறிப்பாக இளம் பெண்களின் உடம்பு, தவறான பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். நாளங்களில் கட்டி விழும். கரு திரும்பத் திரும்பக் கலையும். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் எடுத்தது நன்றாக ஐதாக்கிய புடையன் விஷம். நோயாளியின் குருதித் திரவத்தில் விஷத்தோடு மிகக் குறைந்த அளவு கொழுப்பைச் சேர்த்தால், அந்தப் பிறபொருளெதிரி இருப்பவருக்கு உறைய நேரம் எடுக்கும். கொழுப்பைக் கூட்டினால் அந்தத் தாமதம் குறையும். இந்தச் சோதனை இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. எங்கட ஊரிலும் பிள்ளை தங்காத பெண்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பதில் சொல்ல ஒரு துளி பாம்பு விஷம் போதும்.

இரத்தக் கட்டி நாரால் மட்டும் ஆனதில்லை. குருதிச் சிறுதட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அவற்றின் மேற்பரப்பில் வாங்கிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. வெளியே நடப்பதை உள்ளே சொல்கிற கதவு மணி மாதிரி. துரொம்பின் இந்த மணியை எப்படி அடிக்கிறது என்று 1991-இல் கலிபோர்னியாவில் ஷோன் கொக்லினின் குழு காட்டியது. துரொம்பின் வாங்கியின் நுனியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்டதில் வெளியே வரும் புது நுனி மடிந்து, தன்னுடைய வாங்கியையே போய் அழுத்துகிறது. மணிக்குள்ளேயே விரல் ஒளிந்திருக்கிறது!

இங்கேயும் ஒரு பாம்பு வருகிறது, சுருட்டை விரியன். அதன் விஷத்திலிருந்து 1988-இல் எக்கிஸ்ரற்றின் என்ற சிறு புரதத்தைப் பிரித்தார்கள். பைபிரினோஜன் சிறுதட்டுகளைப் பிணைக்கிற வாங்கியில் இது போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துவிடும். அதன் வடிவத்தைப் பின்பற்றிச் செய்த மருந்து ரைரோஃபிபான். மாரடைப்பு நோயாளிகளுக்காக 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவ்வளவும் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பினால் கணக்கு இடிக்கிறது. இலங்கையில் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு தேசிய கணக்கெடுப்பு 2016-இல் வெளிவந்தது. ஒரு வருசத்தில் சுமார் 80,000 பாம்புக்கடி, 30,000 பேருக்கு விஷம் ஏறியது, 400-க்கு மேல் மரணம். விஷமுறி மருந்து வருவது இந்தியாவிலிருந்து. அதற்கான விஷத்தின் பெரும் பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்ட பிறகு 1978-இல் தொடங்கிய சங்கம் அது. பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். ரசலின் பெயர் பாம்பில் இருக்கிறது; இவர்களில் இரண்டு பேருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் அந்த விஷம் இந்தியப் பாம்பின் விஷம். எங்கட புடையன் கடித்தால் இரத்தம் உறையாததோடு கண் இமையும் தொங்கும், மாமாவுக்கும் தொங்கியது. அந்த மருந்து இங்கே உயிர் காக்கிறது, பலருக்கு ஒவ்வாமையையும் தருகிறது. 2011-இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு, 1,007 நோயாளிகளை வைத்து, முன்கூட்டியே கொடுக்கிற சின்ன அளவு அட்ரினலின் ஊசி கடும் ஒவ்வாமையைக் குறைக்கிறது என்று காட்டியது. எங்கட நோயாளிகளை வைத்து எங்கட டொக்டர்மார் செய்த ஆய்வு. இப்படியானவை இன்னும் வேணும். இங்கத்தைய பாம்பின் விஷத்தில் செய்த விஷமுறியும் வேணும்.

அந்தக் குழாய்ச் சோதனையை 1970களில் நைஜீரியாவில் டேவிட் வொறல் குழுவினர் பயன்படுத்தினார்கள். மின்சாரமும் இயந்திரமும் தேவையில்லை. ஆனால் குழாய் புதிதாக, சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். கட்டாயம் கண்ணாடியாக இருக்க வேண்டும். கண்ணாடியைத் தொட்டால்தான் உறைதல் வரிசை எழும்பும். பிளாஸ்ரிக் குழாயிலோ சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயிலோ நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். திருகோணமலை ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிற எங்கட ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

மருந்து ஏற்றினாலும் இரத்தம் உடனே உறையாது. மருந்து விஷத்தை மட்டும்தான் நிறுத்தும். தீர்ந்துபோன பைபிரினோஜனை ஈரல்தான் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். அன்றிரவு இரண்டாவது குழாயும் ஓடியது. சுபஹுக்குக் கிட்ட மூன்றாவதைச் சரித்தபோது இரத்தம் அசையாமல் அப்படியே நின்றது. மாமி அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று தாதியிடம் கேட்டார்.