அண்டை வீட்டாரின் உரிமை: பிரிட்டன் முஸ்லிம்களின் தன்னார்வப் பணி குறித்து

முன்னுரை

மேலை நாடுகளில் வாழும் முஸ்லிம்களின் சமூகப் பணியைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள்: இவர்கள் அந்நாட்டோடு ஒன்றிவிட்டார்களா? உள்ளூரில் உணவு வங்கி நடத்தினால் ஒன்றிவிட்டார்கள் என்று பாராட்டு. வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பணம் திரட்டினால் ஐயம். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்கும் 2005 ஜூலையில் லண்டனில் நடந்த குண்டுவெடிப்புகளுக்கும் பிறகு இந்தப் பார்வை அரசுக் கொள்கையிலும் இதழ்களிலும் வலுத்தது. பாராட்டும் ஐயமும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும், இரண்டும் தொண்டை நாட்டுப்பற்றுக்கான சான்றாகவே எடைபோடுகின்றன.

பிரிட்டனை முதன்மைக் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை அந்த அளவுகோலை மறுக்கிறது. முஸ்லிம்களின் தொண்டு அண்மைக்கால அரசியல் நெருக்கடியில் பிறந்ததன்று. மார்க்கச் சட்டத்தில் வேர்கொண்ட கடமை அது. அக்கடமை தொலைதூர நாடுகளிலிருந்து அண்டைத் தெருவுக்கு வந்து சேர்ந்ததற்குத் தலைமுறை மாற்றமும் உள்ளூர் வறுமையுமே முதன்மைக் காரணங்கள். அதைக் குடியுரிமைத் தகுதிக்கான சான்றாக மாற்றுவது தொண்டுக்கும் குடியுரிமைக்கும் ஒருசேரக் கேடு விளைவிக்கிறது.

கடமையின் சட்ட அடிப்படை

இஸ்லாமியச் சட்டத்தில் கொடைக்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது ஸகாத். குறித்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஓராண்டு கையில் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். அதைப் பெறத்தக்க எட்டு வகையினரைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுக்கிறது. இரண்டாவது ஸதகா. இதற்கு அளவும் இல்லை, காலமும் இல்லை. ஸகாத் முஸ்லிம் ஏழைகளுக்கே உரியது என்றும், ஸதகாவை எம்மதத்தவருக்கும் வழங்கலாம் என்றும் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் கருதினர். ஒரே அமைப்பு தன் கணக்கில் ஸகாத்தையும் பிற நன்கொடையையும் தனித்தனியே வைத்திருப்பதைப் பார்த்து, ‘தம்மவருக்கு மட்டும்’ என்ற குறுகிய மனம் என்று முடிவுகட்டுவோர் இந்த வேறுபாட்டை அறிவதில்லை.

பணத்தோடு கடமை முடிவதில்லை. ஃபர்ளு கிஃபாயா எனப்படும் சமுதாயக் கடமையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். எவருமே நிறைவேற்றாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் மருத்துவத்தையும் இவ்வகைக் கடமையாகவே வைக்கிறார். எல்லோரும் சட்டக் கல்வியை நாடிச் சென்று மருத்துவத்தைக் கைவிட்ட தம் காலத்து வழக்கத்தை அவர் கடுமையாகச் சாடினார்.

இக்கருத்து ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1992ஆம் ஆண்டுக் கலவரம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியைச் சிதைத்த காலத்தில், அந்நகரின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் சார்ல்ஸ் ட்ரூ பல்கலைக்கழகத்திலும் பயின்ற முஸ்லிம் மாணவர்கள் அங்கு ஓர் இலவச மருத்துவமனை தொடங்கத் திட்டமிட்டனர். ‘உம்மா’ என்னும் அம்மருத்துவமனை 1996இல் திறக்கப்பட்டது. லத்தீன் அமெரிக்க வழியினரும் கறுப்பினத்தவரும் வாழும் பகுதி அது. சிகிச்சை பெற வந்தோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். செப்டம்பர் தாக்குதல்களுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே திறந்த இந்த மருத்துவமனையை ‘நற்பெயரைக் காக்கும் முயற்சி’ என்று விளக்க இயலாது.

தொலைவிலிருந்து அருகுக்கு

பிரிட்டனின் வரலாறு இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லிவர்பூலில் முஸ்லிம் நிலையத்தை நிறுவிய வழக்கறிஞர் அப்துல்லா குவில்லியம், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ‘மதீனா இல்லம்’ நடத்தினார். கிறிஸ்துமஸ் நாளில் அவ்வூர் ஏழைகளுக்கு அந்நிலையத்தில் உணவு வழங்கப்பட்டது. பிரிட்டன் முஸ்லிம்களின் முதல் நிறுவனங்களுள் ஒன்றிலேயே அண்டையாருக்கான தொண்டு இடம்பெற்றிருந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்கதேசத்திலிருந்தும் ஆலைத் தொழிலாளர்களாக வந்தவர்களின் நிலை வேறு. என்றாவது ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தில் வாழ்ந்த அவர்களின் கொடை பிறந்த ஊரை நோக்கிச் சென்றது. இதற்குச் சட்டமும் இடம் தந்தது. ஸகாத்தை வசூலான ஊரிலேயே பங்கிட வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) பொது நிலைப்பாடு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களில் பழகிய மத்ஹபும் அதுவே. ஹனஃபி மத்ஹபோ வெளியூருக்கு அனுப்புவதை விரும்பத்தகாததாகக் கருதினாலும், உறவினருக்கோ கூடுதல் தேவையுள்ளவர்களுக்கோ அனுப்பலாம் என்கிறது. பிரிட்டனில் குடியேறிய தெற்காசிய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். 1984இல் ஆப்பிரிக்கப் பஞ்சத்தின்போது பர்மிங்காமில் ஹனி அல்பன்னா தொடங்கிய ‘இஸ்லாமிக் ரிலீஃப்’, 1985இல் உருவான ‘முஸ்லிம் எய்ட்’ ஆகிய பெரும் அமைப்புகளும் கடல்கடந்த துயரத்தையே முதலில் நோக்கின.

பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘ஊர்’ என்பது பிராட்ஃபோர்டும் லண்டனும்தான். 2001இல் இளைஞர்களே தொடங்கிய ‘முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன்’, வீட்டிலும் பள்ளிவாசலிலும் பேச முடியாத மனத்துயரங்களைத் தொலைபேசிவழிக் கேட்டது. 2011இல் தோன்றிய ‘நேஷனல் ஸகாத் ஃபவுண்டேஷன்’, பிரிட்டனில் திரட்டிய ஸகாத்தைப் பிரிட்டனிலேயே பங்கிடும் கொள்கையை முன்வைத்தது. 2013இல் லண்டனின் பிரெண்ட் பகுதியில் உருவான ‘சுஃப்ரா’ உணவு வங்கி மதம் பாராமல் உணவளிக்கிறது.

இம்மாற்றத்தின் பின்னணியில் வறுமை நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கிலாந்து முஸ்லிம்களில் 46 விழுக்காட்டினர் மிகவும் பின்தங்கிய பத்து விழுக்காட்டு உள்ளாட்சிப் பகுதிகளில் வாழ்ந்தனர். 2010க்குப் பின் அரசு மேற்கொண்ட சிக்கன நடவடிக்கைகள் உள்ளாட்சிகளின் சமூகச் செலவைச் சுருக்கியபோது, அந்தத் தெருக்களில் பசி கண்முன்னே வந்து நின்றது. கொடுப்பவரும் பெறுபவரும் அங்கே ஒரே தெருவாசிகள்.

இந்தத் தொண்டை முழுமையாக அளப்பதும் எளிதன்று. ‘ஜஸ்ட்கிவிங்’ நிறுவனத்துக்காக நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், நன்கொடை தரும் முஸ்லிம்கள் ஆண்டுக்குச் சராசரியாக 371 பவுண்டு கொடுத்தனர். ஒப்பிடப்பட்ட எல்லாப் பிரிவினரிலும் அதுவே மிகுதி. பணத்தை இப்படி எண்ணிவிடலாம். மய்யித்தை (இறந்தவர் உடலை)க் குளிப்பாட்டுவதும், பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்குச் சமைப்பதும், மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. செய்பவர்களே அவற்றைத் தன்னார்வப் பணி என்று சொல்லிக்கொள்வதில்லை. பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வு, இத்தொண்டின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறது.

கிரென்ஃபெல் காட்டிய உண்மை

2017 ஜூன் 14 நள்ளிரவு கடந்த வேளையில் மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககம் தீப்பற்றி 72 உயிர்கள் பலியாயின. அது ரமளான் மாதம். இரவுத் தொழுகை முடிந்து, நோன்பு தொடங்குமுன் உண்ணும் ஸஹர் உணவுக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அண்டை வீட்டாரைத் தட்டி எழுப்பியதைக் குடியிருப்பாளர்கள் பலர் சொன்னார்கள். அருகிலிருந்த அல்மனார் பள்ளிவாசலும் பண்பாட்டு மையமும் எல்லோருக்கும் கதவைத் திறந்து, உணவும் தங்குமிடமும் தந்தன.

அன்றைய இதழ்கள் இதை வியந்து எழுதின. ஆய்வாளர் வியப்போடு நின்றுவிடக் கூடாது. அல்மனாருக்கு அந்த ஆற்றல் ஒரே இரவில் வரவில்லை. நாள்தோறும் நோன்பு திறக்க உணவளிக்கும் மையத்தில் பெரிய சமையலறை இருக்கும். ஆள்களை எப்படித் திரட்டுவது என்ற பழக்கம் இருக்கும். அத்தெருவாசிகளை முகமறிந்த தொண்டர்கள் இருப்பார்கள். வழிபாட்டுக்காக உருவான அமைப்பே பேரிடரில் பொதுச் சொத்தாயிற்று. பிறகு வீடிழந்த பெண்களும் அவர்களின் தோழியரும் அதே சமையலறையில் கூடிச் சமைத்தனர். ‘ஹுப்’ சமையற்கூடம் என்று பெயர்பெற்ற அக்குழுவின் சமையல் நூல் 2018 செப்டம்பரில் மேகன் மார்க்கலின் முன்னுரையோடு வெளிவந்தது. மதச்சார்பு நிறுவனங்கள் பொதுவாழ்விலிருந்து மக்களைப் பிரிக்கின்றன என்ற வாதத்துக்கு அந்தச் சமையலறை போதிய மறுப்பு.

சான்றாக்குவதன் தீங்கு

தொண்டு வெளியே தெரிந்தால் வெறுப்பு குறையும், அதை விளம்பரப்படுத்துவதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். வெறுப்பு குறைவது நல்லதுதான். ஆனால் அதையே தொண்டின் நோக்கமாக்கினால், தேவை மிகுந்த இடத்தை விட்டுப் புகழ் மிகுந்த இடத்துக்குத் தொண்டர்கள் போவார்கள். மனநோய், குடும்ப வன்முறை, போதைப் பழக்கம் ஆகியவற்றில் உழைப்போர் பின்தள்ளப்படுவார்கள்.

குடியுரிமைக்கு நேரும் கேடு இன்னும் ஆழமானது. 2015 ஜனவரியில் பாரிசின் யூதக் கடை ஒன்றைப் பயங்கரவாதி முற்றுகையிட்டபோது, அங்கு வேலை பார்த்த மாலி நாட்டு முஸ்லிம் இளைஞர் லஸானா பத்திலி வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளக் குளிரறையில் ஒளித்துக் காத்தார். 2014லேயே குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த அவருக்கு அடுத்த சில நாள்களில் பிரான்ஸ் அதை வழங்கியது. அந்தப் பெருமை அவருக்கு முற்றிலும் தகும். எனினும் வீரச்செயல் ஏதும் செய்ய வாய்க்காமல், உழைத்து, வரி கட்டி, பிள்ளை வளர்க்கும் இலட்சக்கணக்கானோரின் உரிமை அவருடையதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஐயத்துக்கும் விலை உண்டு. 2014இல் எச்எஸ்பிசி வங்கி லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் கணக்கை மூடியது. அமெரிக்காவில் அறக்கொடை தொடர்பான விதிகள் முஸ்லிம்கள் ஸகாத் கடமையை நிறைவேற்றுவதைக் கடினமாக்கியிருப்பதை அதிபர் ஒபாமாவே 2009 கெய்ரோ உரையில் ஒப்புக்கொண்டார். தொண்டு செய்யவில்லையே என்று கேட்கும் அதே சமூகம், தொண்டு செய்யும் வழியை அடைப்பது அநீதி.

முடிவுரை

உள்ளிருந்தும் சீர்திருத்தம் வேண்டும். சமைப்பவர்களும் பராமரிப்பவர்களும் பெருமளவு பெண்களாக இருக்க, பல பள்ளிவாசல்களின் நிர்வாகக் குழுவில் ஆண்களே இருப்பது நியாயமன்று. உழைப்பவருக்கு முடிவெடுக்கும் இடமும் வேண்டும். உள்ளூர்த் தேவைக்கும் கடல்கடந்த துயரத்துக்கும் எவ்வளவு என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் பொறுப்பு உண்டு. இவர்கள் ஒன்றிவிட்டார்களா என்ற கேள்வியைக் கைவிட்டு, அத்தெருவில் பசித்தவர் உண்டாரா, நோயுற்றவர் மருந்து பெற்றாரா, தனித்திருந்தவருக்குத் துணை கிடைத்ததா என்று கேட்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு நம்மேல் உரிமை உண்டு என்பது இஸ்லாமிய அறத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அந்த உரிமை நிறைவேறியதா என்பதே இத்தொண்டை அளக்கத் தகுந்த அளவுகோல்.