சரித்திரத்தில் ‘இருக்கலாம்’

ஆர்க்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது திமிரி. 1751ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், ஏறக்குறைய 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையுடன் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டை அடைந்தான். சந்தா சாகிபின் காவற்படை எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், போரிடாமல் கோட்டையை விட்டு வெளியேறித் திமிரியருகே பாளையம் இறங்கிற்று. 4ஆம் தேதி கிளைவ் அங்குச் சென்றபோது, அவர்கள் தொலைவிலிருந்து பீரங்கி சுட்டுவிட்டுப் பின்னிருந்த குன்றுகளை நாடினர். 6ஆம் தேதி மீண்டும் சென்று அவர்களை விரட்டினான். ஆயினும் மதிலை இடிக்கும் பெரும் பீரங்கி இல்லாமையால் திமிரிக் கோட்டை அன்று அவன் கைக்கு வரவில்லை. இவற்றை ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரித்துரைக்கிறார்.

இதனைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. “காவற்படை எதிர்த்து நின்றிருக்கலாம்” என்று எழுதினால் இரு பொருள்படும். நின்றதோ இல்லையோ, நாம் அறியோம் என்பது ஒன்று. நிற்க வழியிருந்தும் நிற்கவில்லை என்பது மற்றொன்று. ஆங்கிலேயர் முன்னதை ‘மே ஹாவ்’ என்பர். பின்னதற்குப் பெரும்பாலும் ‘குட் ஹாவ்’ என்பர். “நின்றிருக்க வேண்டும்” என்பதும் அத்தகையதே. சான்றுகளைக் கொண்டு ஊகித்துத் துணிவது ‘மஸ்ட் ஹாவ்’. செய்யத் தவறிய கடமையைச் சுட்டுவது ‘ஷுட் ஹாவ்’. தமிழில் இரண்டிற்கும் வடிவம் ஒன்றே.

பேச்சில் இதனால் கேடில்லை. குரலும் இடமும் பொருளை உணர்த்திவிடும். ஏட்டிலோ அவ்வுதவி இல்லை. “நின்றிருக்க வேண்டும்” என்பதை ஊகமாகக் கொள்ளும் மாணவன், நடவாத போரொன்றை நடந்ததாக நம்புவான். கடமையாகக் கொள்பவன், தன்னூர்ப் பக்கம் ஒதுங்கிய வீரரைக் கோழைகள் என்று இகழ்வான். இறந்தோர் எழுந்து வந்து மறுமொழி கூறுவதில்லை. ஆதலின் எழுதுவோர் பொறுப்பு பெரிது.

இதற்கு வழி நம் மொழியிலேயே உண்டென்று நான் கருதுகிறேன். அறியாததை “நின்றிருக்கக்கூடும்” என்க. ஊகத்தை “நின்றனர் என்று ஊகிக்க இடமுண்டு” என்று கூறிச் சான்றையும் காட்டுக. நடவாததை நடக்கவில்லை என்று வெளிப்படச் சொல்லுக: “பெரும் பீரங்கி இருந்திருந்தால் கிளைவ் கோட்டையை அன்றே பிடித்திருக்கலாம், அஃது இல்லை, பிடிக்கவில்லை.” வாக்கியம் சற்றே நீளும். ஆனால் திமிரியில் நடந்தது எது, நடந்திருக்கக்கூடியது எது என்பது படிப்போர்க்கு ஐயமின்றி விளங்கும்.