கரிசல் மண்ணும் செயற்கை ஆடுகளமும்: இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியின் வரலாறு

2025ஆம் ஆண்டு நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி, தென் தமிழகத்தின் விளையாட்டு வரலாற்றில் தனி அத்தியாயமாக எழுதப்பட வேண்டிய நிகழ்வாகும். 21 வயதுக்குட்பட்ட வீரர்கள் தத்தம் நாட்டின் பெயரால் மோதும் இந்தப் போட்டியில் அதுவரை அதிகபட்சம் 20 அணிகளே ஆடியிருக்க, முதன்முறையாக 24 நாடுகள் தமிழகத்துக்கு வந்தன. போட்டியின் ஒரு பகுதி ஆட்டங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவிலும் இராஜபாளையத்திலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவிலும் உள்ள மதுரை ரேஸ்கோர்ஸ் பகுதியில், இப்போட்டிக்கென உருவாக்கப்பட்ட சர்வதேச ஹாக்கி அரங்கில் நடைபெற்றன. விருதுநகர், தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் மக்கள் உலகத் தரத்திலான ஹாக்கியைக் காணச் சென்னைவரை போக வேண்டியிருந்த நிலை அந்த வாரங்களில் மாறியது. அந்த மாற்றத்தின் பொருளை உணர, இப்போட்டி பிறந்த சூழலையும் அதற்கு அடியில் கிடக்கும் தரையின் கதையையும் அறிவது அவசியம்.

தரை மாறியபோது

1928 முதல் 1964 வரையிலான காலத்தில் ஏழு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்று, 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையையும் கைப்பற்றிய இந்திய ஹாக்கி, அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி இயற்கைப் புல்லை விட்டுச் செயற்கை இழைத் தரையில் ஆடப்பட்டது அதுவே முதன்முறை. தொழிற்சாலையில் நெய்யப்பட்ட இழை விரிப்பைச் சமதளமான அடித்தளத்தின்மேல் பரப்பி அமைக்கும் இத்தகைய ஆடுகளத்தில் பந்து துள்ளாமல் வேகமாக உருளும். மண்ணிலும் புல்லிலும் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து, வளைத்து, எதிராளியை ஏமாற்றிச் செல்லும் ஆசிய பாணியைவிட, ஓட்டத்தின் வேகத்துக்கும் உடல் வலிமைக்கும் நீண்ட கடத்தல்களுக்கும் அத்தரையில் மதிப்பு கூடியது. செல்வம் மிக்க ஐரோப்பிய நாடுகள் ஊருக்கு ஊர் இத்தகைய களங்களை அமைத்துக்கொள்ள, இந்தியச் சிறுவர்கள் மண் தரையில் பழகி, தேசிய அணிக்குத் தேர்வான பிறகே செயற்கைத் தரையில் கால் வைக்கும் நிலை நீண்ட காலம் நீடித்தது.

இளையோர் உலகக் கோப்பை பிறந்தது இந்த மாற்றத்தின் நடுவில்தான். 1924இல் பாரிஸில் நிறுவப்பட்ட சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு, 1979இல் பிரான்சின் வெர்சாய் நகரில் முதல் போட்டியை நடத்தியபோது பாகிஸ்தான் பட்டம் வென்றது. அதன் பின்னர் 1982இல் கோலாலம்பூர், 1985இல் வான்கூவர், 1989இல் ஈப்போ, 1993இல் ஸ்பெயினின் தெராசா என நான்கு போட்டிகளிலும் தொடர்ந்து ஜெர்மனியே வென்றது. இவற்றில் முதல் மூன்றும் நாடு பிரிந்திருந்த காலத்தில் மேற்கு ஜெர்மனி என்ற பெயரில் பெறப்பட்டவை. பெண்களுக்கான இளையோர் உலகக் கோப்பை 1989இல் தொடங்கியது. அதில் 2013ஆம் ஆண்டு இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றனர்.

இந்த நகரங்களின் வரிசையில் மலேசியா திரும்பத் திரும்ப இடம்பெறுவதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கோலாலம்பூரும் ஈப்போவும், பின்னர் 2009இல் சிங்கப்பூருடன் இணைந்து ஜொகூர் பாருவும் இப்போட்டியை நடத்தின. 1975 உலகக் கோப்பையில் மலேசியா நான்காம் இடம் பெற்றபோது அந்த அணியில் சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் முதலியோர் ஆடியதை எண்ணும்போது, ஹாக்கி தமிழர்களுக்கு அயலான ஆட்டம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை என்பது விளங்கும்.

குளிர்நாடுகளில் ஹாக்கி என்றாலே உறைபனித் தளத்தின்மேல் சறுக்குக் காலணிகளுடன், பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டைக் கொண்டு, அணிக்கு ஆறு பேராக ஆடும் ஐஸ் ஹாக்கியே மக்கள் நினைவுக்கு வரும். அதற்கும் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி ஒன்று 1977 முதல் அதிகாரபூர்வமாக நடைபெறுகிறது; டிசம்பர் இறுதியில் தொடங்கி ஜனவரித் தொடக்கத்தில் முடியும் அப்போட்டியைக் கனடா நாட்டினர் ஒரு தேசிய விழாவாகவே கருதுகின்றனர். இந்தியாவில் குளங்கள் உறையும் லடாக் பகுதியில் ஐஸ் ஹாக்கி ஆடப்படுகிறது; 1989இல் இந்தியா அதன் உலகக் கூட்டமைப்பில் உறுப்பினராகவும் ஆனது. பனித்தளமாயினும் இழைத்தளமாயினும், இளம் வயதிலேயே உரிய தரை கிடைத்த நாடுகளே இவ்விரு ஆட்டங்களிலும் முன்னணியில் நிற்கின்றன.

ஹோபார்ட் முதல் லக்னோ வரை

இந்தியா இந்தக் கோப்பையைத் தொட 22 ஆண்டுகள் ஆயின. 1997இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் இறுதி ஆட்டம்வரை சென்று ஆஸ்திரேலியாவிடம் தோற்ற இந்திய இளையோர் அணி, 2001இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ககன் அஜித் சிங் தலைமையில் அர்ஜென்டினாவை 6–1 என்ற கோல் கணக்கில் வென்று முதல் பட்டத்தைப் பெற்றது. 2013இல் புது தில்லியில் இப்போட்டி நடந்தபோது ஜெர்மனி வென்றது. 2016 டிசம்பரில் லக்னோவில், ஹர்ஜீத் சிங் தலைமையிலும் ஹரேந்திர சிங்கின் பயிற்சியிலும் ஆடிய இந்திய அணி பெல்ஜியத்தை 2–1 என வென்று இரண்டாம் பட்டத்தைக் கைப்பற்றியது. குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும் அந்த இறுதி ஆட்டத்தில் ஆளுக்கொரு கோல் அடித்தனர்.

லக்னோ வெற்றியின் பயன் ஐந்து ஆண்டுகளில் வெளிப்பட்டது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கல ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 5–4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றபோது, அதில் இரண்டு கோல்களை அடித்தவர் அதே சிம்ரன்ஜீத் சிங்; இன்னொரு கோலை அடித்த ஹர்மன்பிரீத் சிங்கும், அணியிலிருந்த மந்தீப் சிங், வருண் குமார், சுமித், குர்ஜந்த் சிங் ஆகியோரும் லக்னோ அணியினரே. இளையோர் போட்டியின் மெய்யான மதிப்பு கோப்பையைக் காட்டிலும் இத்தகைய தொடர்ச்சியில் இருக்கிறது.

சென்னையிலும் மதுரையிலும்

சென்னை எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் சர்வதேச ஹாக்கிக்குப் பழக்கப்பட்டது. 1996, 2005 ஆண்டுகளின் சாம்பியன்ஸ் கோப்பை, 2007இல் இந்தியா வென்ற ஆசியக் கோப்பை, 2023இல் மலேசியாவை 4–3 என வீழ்த்தி இந்தியா வென்ற ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆகிய அனைத்தும் அங்கே நடந்தவை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் தமிழகம் தந்த வீரர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆயினும் இப்பெருமைகள் அனைத்தும் சென்னையைச் சுற்றியே அமைந்திருந்த நிலையில், 2025 போட்டி மதுரையையும் அவ்வரைபடத்தில் சேர்த்தது.

பாகிஸ்தான் விலகியதால் ஓமன் சேர்க்கப்பட்ட அப்போட்டியில், அணிகள் நான்கு நான்காக ஆறு பிரிவுகளில் வகுக்கப்பட்டன. பிரிவுகளில் முதலிடம் பெற்ற ஆறு அணிகளும், இரண்டாம் இடம் பெற்றவற்றுள் சிறந்த இரண்டும் காலிறுதிக்குச் சென்றன. ஒலிம்பிக் பதக்கங்களை வென்ற கோல்காப்பாளர் பி.ஆர்.ஸ்ரீஜேஷின் பயிற்சியிலும் ரோஹித்தின் தலைமையிலும் ஆடிய இந்திய அணி, சென்னையில் சிலியை 7–0 எனவும், அடுத்து ஓமனை 17–0 எனவும் வென்றபின், மதுரையில் சுவிட்சர்லாந்தை 5–0 என வீழ்த்தியது. காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2–2 எனச் சமநிலை கண்டு, ஷூட் அவுட் முறையில் 4–3 என முன்னேறியது. ஆட்டம் சமனில் முடியும்போது, ஒவ்வொரு அணியிலிருந்தும் ஐந்து வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்பட்டு, எதிரணிக் கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு எட்டு நொடிகளுக்குள் கோல் அடிக்க முயலும் ஏற்பாடே ஷூட் அவுட் எனப்படும்.

அரையிறுதியில் ஜெர்மனி இந்தியாவை 5–1 என வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0–2 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதியில் மட்டும் நான்கு கோல்கள் அடித்து 4–2 என வென்றது. 2021, 2023 ஆகிய இரு போட்டிகளிலும் நான்காம் இடத்தோடு திரும்பிய அணிக்கு அப்பதக்கம் பெரிய ஆறுதலாயிற்று. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுடன் 1–1 எனச் சமன் செய்து, ஷூட் அவுட்டில் 3–2 என வென்ற ஜெர்மனி எட்டாம் முறையாகப் பட்டம் பெற்றது.

ஹாக்கிப்பட்டியும் சுந்தர்கரும்

போட்டி தமிழகத்தில் நடந்தும், இந்திய அணியில் தமிழக வீரர் ஒருவரும் இடம்பெறவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியுள்ளது. இத்தனைக்கும் இராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே உள்ள கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்றதைப் போலவே ஹாக்கிக்கும் பெயர் பெற்று, ஹாக்கிப்பட்டி என்றே மக்களால் அழைக்கப்படும் ஊர். அங்கு அகில இந்திய அளவிலான போட்டிகள் நடத்தப்படுகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிப் பயிற்சி விடுதியும் செயற்கை இழை ஆடுகளமும் உள்ளன. அவ்வூரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடி வெண்கலம் பெற்றனர். ஒரு விடுதியும் ஒரு தரையும் இருந்தாலே கரிசல் நிலத்திலிருந்து இந்திய அணிவரை வழி திறக்கும் என்பதற்கு அவ்விருவரும் சான்று.

இவ்வழியை முழுமையாக நடந்து காட்டியது ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம். பழங்குடி மக்கள் மிகுந்த அம்மாவட்டம் திலீப் திர்க்கி, அமித் ரோஹிதாஸ் போன்ற வீரர்களைத் தந்தது. பான்போஷ் விளையாட்டு விடுதி அவர்களை வளர்த்தது. மாவட்டத்தின் 17 ஒன்றியங்களிலும் செயற்கை இழை ஆடுகளம் அமைக்கும் திட்டத்தை அம்மாநில அரசு மேற்கொண்டது. 2025 வெண்கல ஆட்டத்தில் இந்தியாவின் நான்காம் கோலை அடித்த அன்மோல் எக்கா அம்மாவட்டத்தவரே. அந்தக் கோல் சென்னையில் விழுந்தது எனினும், அதற்கான உழைப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே சுந்தர்கரின் சிற்றூர்களில் தொடங்கிவிட்டது.

செயற்கை ஆடுகளத்தைப் பேணுவது எளிதன்று என்பதையும் மறைக்க இயலாது. சர்வதேச ஆட்டங்களுக்குப் பயன்படும் விரிப்பின்மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தண்ணீர் தெளித்தாக வேண்டும். ஈரம் இல்லையெனில் பந்தின் ஓட்டம் தடைபடுவதோடு, விழும் வீரர்களின் தோலும் உரசிக் கிழியும். மழை குறைந்த கரிசல் மாவட்டங்களுக்கு இது பெரும் சுமை. தண்ணீர் தேவைப்படாத விரிப்புகளை உருவாக்கும் முயற்சியில் சர்வதேசக் கூட்டமைப்பு இறங்கியிருப்பது, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களுக்கு வருங்காலத்தில் நம்பிக்கை தரும் செய்தியாகும்.

போட்டி 13 நாட்களில் முடிந்துவிட்டது. அதற்காக விரிக்கப்பட்ட தரை மதுரையில் இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதை இவ்வூர்களை அந்த அரங்கத்தோடு ஏற்கெனவே இணைத்துள்ளது. இவ்வட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் தம் மாணவர்களை முறையாக அழைத்துச் சென்று ஆடச்செய்யவும், அரசு அதற்கான பயணச் செலவையும் பயிற்சி நேரத்தையும் ஒதுக்கவும், பஞ்சாலைகளாலும் நூற்பாலைகளாலும் வளர்ந்த இந்நகரங்களின் தொழில்நிறுவனங்கள் மட்டையும் காலணியும் வாங்கித் தரவும் முன்வந்தால், அடுத்த இளையோர் உலகக் கோப்பைகளில் ஒன்றிலேனும் இம்மண்ணின் பிள்ளை இந்தியச் சீருடையில் ஆடுவது உறுதி. அந்தக் கடமையை இவ்வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.