கல்லாப்பெட்டியும் ஜெபக்கூடமும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பிராட்வே வீதியில், தெற்கு 648 ஆம் எண் கட்டடத்துக்குள் 1935 ஆம் ஆண்டு முதல் உணவருந்தச் சென்றவர்கள் முதலில் கண்டது உணவை அன்று, ஒரு காட்டை. கட்டடத்தைத் தாங்கிய தூண்கள் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களாக உருமாறி நின்றன. இருபதடி உயரத்திலிருந்து அருவி விழுந்தது. அதன் நீர் ஓடையாகி மேசைகளுக்கிடையே வளைந்து சென்றது. மேலே, பாறை இடுக்கொன்றில், மிகச் சிறிய ஜெபக்கூடம் ஒன்று இருந்தது. கையில் தட்டேந்தி வரிசையில் நின்று, வேண்டியதை எடுத்துக்கொண்டு, கடைசியில் கல்லாவில் பணம் செலுத்தும் ‘கஃபட்டீரியா’ வகை உணவகம் அது. அருவியும் ஜெபக்கூடமும் பார்த்து வியந்தவர்களை அதனினும் வியக்க வைத்தது, கையில் தரப்பட்ட விலைச்சீட்டு. அதில் எழுதியிருந்த தொகை எதுவாயினும், விரும்பியதைச் செலுத்தலாம்; உணவு மனநிறைவு தராவிடில் எதையும் செலுத்தாமலும் போகலாம் என்பது அங்கு விதி.

இந்த விதியை வகுத்தவர் கிளிஃபோர்டு கிளின்டன். தம் பெயரின் முற்பாதியையும் பிற்பாதியையும் சேர்த்துத் தம் உணவகத்துக்குக் ‘கிளிஃப்டன்ஸ்’ என்று பெயரிட்டவர். 1900 ஆம் ஆண்டு பிறந்த அவருடைய பெற்றோர் இரட்சணிய சேனையைச் சேர்ந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் உணவகத் தொழில் நடத்தியவர்களும் அவர்களே. ஒரே வீட்டில் வேதமும் அடுப்பும் தொழிலாக இருந்தன என்று சொல்லலாம். அப்பெற்றோர் கடைகளை விட்டு ஊழியத்துக்காகச் சீனத்துக்குச் சென்றபோது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றனர். அங்கே அச்சிறுவன் கண்டது பசி. பசி என்ற சொல்லை அன்று. பசித்துக் கிடந்த மனிதர்களை. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் வேர் அந்தச் சீன நாட்களில் இருப்பதாக அவரே கருதினார். நம்பிக்கை சிலருக்குப் பிரசங்கத்தின் வழியே வருகிறது; சிலருக்குப் பாடலின் வழியே வருகிறது. அவருக்கு அது கண்ணின் வழியே வந்தது.

1931 ஆம் ஆண்டு, பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை அழுத்திக்கொண்டிருந்த வேளையில், மனைவி நெல்டாவுடனும் பிள்ளைகளுடனும் லாஸ் ஏஞ்சலசுக்குக் குடிபெயர்ந்து, தெற்கு ஆலிவ் வீதி 618 ஆம் எண் இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். முதலாளிகள் கடைகளை மூடிக்கொண்டிருந்த காலம் அது. வேலையிழந்தவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வீதிகளின் நடுவே கடை திறந்தவர், அதைப் பொன்விதியின் உணவகம் என்று அறிவித்தார். பிறர் தமக்குச் செய்ய வேண்டுமென விரும்புவதைத் தாம் பிறருக்குச் செய்வது என்னும் மலைப்பிரசங்கத்தின் கட்டளையே மேல்நாட்டில் பொன்விதி எனப்படுவது. அதை மேற்கோளாகச் சுவரில் மாட்டுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அதைக் கணக்குப் பேரேட்டுக்குள் நுழைத்தவர் அரிது.

நம் வழக்கில் சத்திரம் வேறு, ஹோட்டல் வேறு. சத்திரத்தில் காசு கேட்பது பழி. ஹோட்டலில் காசு கொடாதிருப்பது பழி. அன்னதானத்துக்கு அறக்கட்டளை நிலம் இருக்கும். ஹோட்டலுக்குக் கல்லாப்பெட்டி இருக்கும். கிளின்டன் செய்ய முயன்றது இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ், ஒரே வரிசையில், ஒரே தட்டில் வைப்பது. காசுள்ளவனும் இல்லாதவனும் ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே உணவை எடுத்துக்கொண்டு, ஒரே மேசையில் அமர்ந்தனர். வேறுபாடு கல்லாவின் முன் நிற்கும் அந்த ஒரு நொடியில் மட்டுமே. அதையும் விலைச்சீட்டின் வாசகம் கூச்சமின்றிக் கடக்கச் செய்தது. இரந்து உண்பவனின் முகத்தைப் பாராமல் ஈதல் எப்படி என்பது நம் இலக்கியம் நெடுங்காலம் வருந்திப் பேசிய பொருள். அமுதசுரபி ஏந்திய மணிமேகலையைப் போற்றும் கவிஞர்களுக்கு, பசிப்பிணியைத் தீர்ப்பதைவிட, தீர்க்கப்பட்டவனின் மானத்தைக் காப்பது கடினம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அமுதசுரபி வற்றாதது, கடை வற்றக்கூடியது. தொண்ணூறு நாள் காலத்தில் பதினாயிரம் பேர் பணம் செலுத்தாமல் உண்டு சென்றனர். கடை இச்சுமையைத் தாங்காது என்பது தெளிவாயிற்று. இந்த இடத்தில் பல நல்லெண்ணங்கள் முடிந்துபோகின்றன: விதியைச் சற்றே திருத்துவது, வாயிலில் ஒருவரை நிறுத்தி முகம் பார்ப்பது, தகுதியுள்ள ஏழை யார், தகுதியற்றவன் யார் எனப் பிரிப்பது. கிளின்டன் அவ்வழி செல்லவில்லை. சில வீதிகள் தள்ளி ஒரு கட்டடத்தின் நிலவறையை எடுத்து, 1932 ஆம் ஆண்டில் அங்கே காசுக்கணக்கில் உணவு தரும் தனிக்கூடம் திறந்தார். நிலவறையில் இருந்ததால் கஃபட்டீரியா என்ற சொல்லைத் திரித்து, குகை என்ற பொருள் தொனிக்க அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே இருபது லட்சம் உணவுகள் பரிமாறப்பட்டன. ஒரு சென்ட் கொடுத்தாலும் அது விலைதான். விலை கொடுத்தவன் விருந்தாளி அல்லன், வாடிக்கையாளன். அந்த ஒரு செம்புக்காசில் ஒரு மனிதனின் நிமிர்வு அடங்கியிருந்தது.

1935 இல் பிராட்வேயில் இரண்டாம் உணவகம் எழுந்தது. சாண்டா குருஸ் மலைப்பகுதியில் புரூக்டேல் என்னும் விடுதியொன்றில் உணவுக்கூடத்தின் ஊடாக ஓர் ஓடை பாய்ந்தது. அதன் நினைவில் இக்கானகம் அமைக்கப்பட்டு, அப்பெயரையே பெற்றது. 1939 இல் ஆலிவ் வீதியின் பழைய கடையும் உருமாறியது. பசிபிக் தீவுகளின் தோற்றத்தில் பன்னிரண்டு அருவிகளும் எரிமலைப் பாறைகளும் நியான் விளக்குப் பூக்களும் கொண்டு, ‘பசிபிக் சீஸ்’ என்ற புதுப் பெயருடன் நின்றது. அதன் அடித்தளத்தில் கெத்செமனே தோட்டத்தை அமைத்தார்கள். தனித்து முழந்தாளிட்டு ஜெபிக்கும் இயேசுவின் ஆளுயரச் சிலை அங்கே இருந்தது. மேலே மக்கள் உண்டு களித்துக்கொண்டிருக்க, கீழே அந்த இரவின் துயரம்.

இதனை அழகுணர்வின் பிழை என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திரைப்பட நகரத்தின் பக்கத்தில் வளர்ந்த ஒரு ரசனை, வேதாகமக் காட்சியையும் அட்டைப் பாறையையும் ஒரே கையால் செய்து வைத்தது. இரத்த வியர்வை சிந்திய தோட்டத்தை வாடிக்கையாளர் சுற்றிப் பார்க்கும் காட்சியாக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் ஒன்று நினைக்கத்தக்கது. தேவாலயத்துக்குள் நுழையத் தயங்கும் கிழிந்த சட்டைக்காரன், உணவகத்துக்குள் நுழையத் தயங்கவில்லை. சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் படியிறங்கினால் தோட்டம். அங்கே அவனிடம் காணிக்கைத் தட்டு நீட்டப்படவில்லை. ரசனையின் தராசில் இலேசாகிப் போகும் சில பொருள்கள் வேறு தராசில் கனக்கின்றன.

அவருடைய நம்பிக்கைக்கு உண்மையான சோதனை பாறையிலும் அருவியிலும் இல்லை. யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதில் இருந்தது. அக்கால அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பல உணவகங்களில் உட்கார முடியாது. எந்த ஊரில் எந்த வாயில் தங்களுக்குத் திறக்கும் என்று அறிய அவர்கள் ‘கிரீன் புக்’ என்னும் வழிகாட்டி நூலைக் கையில் வைத்துப் பயணம் செய்த காலம். 1936 முதல் வெளிவந்த அந்நூலில் இடம்பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் உணவகங்களுள் கிளிஃப்டன்ஸும் ஒன்று. வெள்ளை வாடிக்கையாளர் சிலர் இதற்கு முகம் சுளித்துக் கடிதம் எழுதினர். கிளின்டன் தம் உணவகத்தில் வாரந்தோறும் ஒரு சிற்றிதழ் அச்சிட்டு மேசைகளில் வைப்பது வழக்கம். அவ்விதழிலேயே அத்தகைய குறையை எடுத்துக்கொண்டு, நிறம் பார்த்து உணவு மறுக்கத் தம்மால் இயலாது என்று வெளிப்படையாக விடையளித்தார். கடிதம் எழுதியவருக்குத் தனியே சமாதானம் சொல்லியிருக்கலாம். வணிகர் அப்படித்தான் செய்வர். பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதில் எத்தனை ஊர்கள் இரண்டுபட்டன என்று அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் எடை புரியும்.

அடுப்படியில் தொடங்கிய ஒருவர் நகராட்சி அரசியலில் போய் நின்றதும் உணவின் வழியாகவே. 1935 அளவில் மாவட்டப் பொது மருத்துவமனையின் உணவு நிர்வாகத்தைப் பார்வையிடும்படி அவரைக் கேட்டனர். அங்கே கண்ட விரயத்தையும் சலுகைகளையும் மறைக்காமல் அறிக்கை தந்தார். 1937 இல் மாவட்டப் பெருஞ்சான்றாயத்தில் உறுப்பினரானபோது, சூதாட்ட விடுதிகளுக்கும் நகர ஆட்சிக்கும் காவல் துறைக்கும் இடையிலிருந்த உறவைத் துருவத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் வீட்டுச் சமையலறையில் குண்டு வெடித்தது. குடும்பத்தார் உயிர் தப்பினர். 1938 சனவரியில், அவர் தரப்புக்காகத் துப்பறிந்த ஹாரி ரேமண்ட் என்பவரின் கார் வெடித்தது. அவர் உடலெங்கும் காயங்களுடன் பிழைத்தார். இக்குற்றத்துக்காகக் காவல் துறை அதிகாரி ஏர்ல் கைனெட் தண்டிக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் மேயர் ஃபிராங்க் ஷாவை மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்தனர்.  புதிய மேயராக நீதிபதி ஃபிளெச்சர் பௌரன் வந்தார். 1945 இல் அதே பௌரனை எதிர்த்து கிளின்டனே போட்டியிட்டுத் தோற்றதும் வரலாற்றில் உண்டு. பதவி ஆசை என்பதா, ஓய்வறியாத மனம் என்பதா? இரண்டும் கலந்திருக்கலாம்.

இதற்கிடையே சீனத்துச் சிறுவன் அவரை விடவில்லை. உலகப் போர் உலகெங்கும் பசியைப் பரப்பியிருந்தது. 1944 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்வேதியியலாளர் ஹென்றி போர்சூக்கை அணுகி, ஆய்வுக்கு ஐயாயிரம் டாலர் தந்து, ஒரு வேண்டுகோள் வைத்தார். ஒரு வேளை உணவு மூன்று சென்ட் விலைக்குள் அடங்க வேண்டும், ஊட்டம் குறையக்கூடாது, கெடாமல் நெடுநாள் இருக்க வேண்டும், எந்தச் சமயத்தாரின் உணவு விலக்கையும் மீறக்கூடாது. இக்கடைசி நிபந்தனையை ஆழ்ந்து நோக்க வேண்டும். ஊழியக்காரரின் மகன், பிறருடைய சமய ஆசாரத்தை மீறாத உணவைக் கேட்கிறார். பசித்தவனுக்கு உணவு தரும்போது அவனிடமிருந்து எதையும், அவன் ஆசாரத்தைக்கூட, விலையாகப் பெறக்கூடாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். மந்தக் காலத்தில் விலைச்சீட்டில் எழுதியதன் தொடர்ச்சியே இது.

சோயா நொய்யை முதன்மையாகக் கொண்டு போர்சூக் உருவாக்கியது ‘பல்நோக்கு உணவு’ எனப் பெயர் பெற்றது. அதைப் பரப்ப 1946 இல் ‘கோடிக்கணக்கானோருக்கு உணவு’ என்ற பொருளில் ‘மீல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்’ என்னும் அறநிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் கிளைவழிகளுள் ஒன்று நம் பக்கத்துக்கும் வந்தது. 1950 இல் மைசூர் செலுவாம்பா மாளிகையில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், சோயாவுக்குப் பதிலாக இங்கே விளையும் பொருள்களை வைத்து இந்தியப் பல்நோக்கு உணவை உருவாக்கியது. எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கு, கடலை மாவு ஒரு பங்கு, அவற்றோடு உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும். ஆலிவ் வீதிக் கடைக்காரர் ஒருவரின் கவலை, செக்காலைப் பிண்ணாக்கை மனித உணவாக மாற்றும் ஆய்வுக்கு ஒரு தூண்டுதலாக வந்து சேர்ந்த வழி இது.

அப்பொடி சுவையானது என்று யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. சமையற்காரராகவே வாழ்நாளெல்லாம் கழித்த ஒருவர், தம் பெயரை நிலைநாட்ட வேண்டிய பொருளாகச் சுவையற்ற ஒரு பொடியைத் தேர்ந்ததில் ஒரு துறவு இருக்கிறது.

1946 இல் கிளின்டன் உணவகங்களைத் தம் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அறநிறுவனப் பணியில் இறங்கினார். 1969 இல் காலமானார். பசிபிக் சீஸ் 1960 இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. பன்னிரண்டு அருவிகள் இருந்த இடம் வாகன நிறுத்தமாயிற்று. புரூக்டேல் மட்டும் நகர்மையம் களையிழந்த பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. முதியவர்களும் புதிதாக நகருக்கு வந்த ஏழைக் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டேந்தி நின்றனர். 2010 இல் அது குடும்பத்தின் கைவிட்டுப் போயிற்று. 2011 இல் புதுப்பிப்பதற்காக மூடினர்.

புதுப்பிக்கும் பணியின்போது, 2012 இல், ஒரு தடுப்புச் சுவரைப் பிரித்த தொழிலாளர்கள் உள்ளே நியான் விளக்கொன்று எரிந்துகொண்டிருக்கக் கண்டனர். கிளின்டன் காலத்தில் ஏற்றப்பட்டு, பின்னர் யாரோ மறைத்துக் கட்டிவிட்ட விளக்கு. ஏறத்தாழ 77 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் எரிந்ததாகக் கணக்கிட்டார்கள். 2015 இல் கட்டடம் பெரும் பொருட்செலவில் மதுக்கூடங்களோடு மீண்டும் திறக்கப்பட்டது. தட்டேந்தி நிற்கும் வரிசை 2018 இல் நின்றது.