குண்டடிக் கணக்கும் சட்ட லட்சணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பலரை ஒருங்கே வீழ்த்தும் துப்பாக்கிச் சூடுகள் இத்துணை நிகழ்ந்தும், அவற்றுக்கு மத்திய அரசின் சட்டம் எதிலும் லட்சணம் வகுக்கப்படவில்லை. 2013 சனவரியில் கையொப்பமான ஒரு சட்டம், ஒரே சம்பவத்தில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கொல்லப்படுவதைப் பெருங்கொலை என்று குறிக்கிறதாயினும், மாநிலங்கள் வேண்டுமிடத்து மத்தியப் புலனாய்வுத் துறை துணை செய்வதற்கு அதிகாரம் வழங்குவதே அதன் நோக்கமாதலால், துப்பாக்கி என்ற சொல்லே அவ்விலக்கணத்தில் இல்லை. துப்பாக்கி வன்முறை ஆவணகம் என்னும் தனியார் அமைப்போ, சுட்டவனை நீக்கி நால்வர் குண்டடி பட்டால், ஒருவரும் மாளாவிடினும், அதனைத் தன் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. இவற்றுள் எது சரி என்று வினவுவதினும், எந்தப் பிரயோஜனத்துக்கு எது என்று வினவுவதே தகும்.

உடனடி நடவடிக்கைக்கு எண்ணிக்கை சிறிதும் உதவாது. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், சிறப்புப் படைக்காகக் காத்திராது முதலில் வந்த காவலரே உட்புக வேண்டும் என்பது அந்நாட்டுப் போலீஸ் பயிற்சியின் விதியாயிற்று. அவ்விதி இருந்தும், 2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்து யுவால்டியில், கொலையாளி பள்ளிக்குள் புகுந்தது முதல் வீழ்த்தப்படும் வரை 77 நிமிடங்கள் கழிந்தன. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். மத்திய அரசின் நீதித்துறையின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கண்ட தலையாய பிழை, நடந்துகொண்டிருந்த கொலையை, எவனோ ஒருவன் அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும் நிலையாகப் பாவித்ததே. கதவுக்கு வெளியே நிற்கும் காவலருக்கு உள்ளே மாண்டவர் மூவரா நால்வரா என்பது எவ்வாறு தெரியும்? கொலை நடைபெறுகிறது என்னும் ஒன்றே அவ்விடத்தில் லட்சணமாகும்.

நிதி விஷயம் வேறு. மாண்டோர் தொகையைக் கொண்டு உதவியை நிர்ணயிப்பின், லட்சணம் தான் தழுவ வேண்டியதைத் தழுவாது விடுதலாகிய, தர்க்க நூலார் கூறும் அவ்வியாப்தி தோஷம் வந்து சேரும்: குண்டடி பட்ட மூவருள் ஒருவரை அறுவை மருத்துவர் பிழைப்பித்துவிட்டால், அவருடைய திறமையாலேயே அச்சம்பவம் லட்சணத்துக்குப் புறம்பாகிவிடும், பிழைத்தவரின் சிகிச்சையால் ஊரின் செலவோ பெருகும். 2017 அக்டோபர் முதல் நாளிரவு, லாஸ் வேகாஸ் இசை விழாவில் குண்டு பாய்ந்தும் பிழைத்தோர் 400-க்கு மேற்பட்டோர். மாண்டோராக முதலில் எண்ணப்பட்ட 58 பேரோடு, பிற்காலத்தில் காயங்களால் உயிர்நீத்த இருவரும் சேர்க்கப்பெற்றனர். ஆண்டுகள் கழித்தும் மாறக்கூடிய ஓர் எண்ணை நம்பி, மறுநாளே வேண்டிய பணத்தை எப்படி அளப்பது?

பேரிடர் உதவிக்குரிய 1988-ஆம் ஆண்டு ஸ்டாஃபர்டு சட்டத்தின்கீழ், 2013-இல் பாஸ்டன் குண்டுவெடிப்புக்கு அவசரநிலைப் பிரகடனம் கிடைத்தது. 2016-இல் ஆர்லாண்டோவில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது புளோரிடா ஆளுநர் வேண்டிய அதே பிரகடனம் மறுக்கப்பட்டது. குற்றவாளிகளின் அபராதத் தொகையால் நிரம்பும் மத்திய நிதியைக் கொண்டு பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அலுவலகம் மட்டும், ஊறுபட்டோரின் பெருக்கத்தால் ஓர் ஊர் நிர்வாகத்தின் சுமை கணிசமாக உயர்ந்ததா என்று பார்க்கிறது. பிணத்தை எண்ணாது பாரத்தை அளக்கும் இம்முறையே எனக்கு உடன்பாடு. கணிசம் எவ்வளவு என்பதை அதிகாரியின் சித்தத்துக்கு விட்டிருப்பது உடன்பாடன்று. குண்டடி பட்டோர் நால்வரானால் உதவிக்கு உரிமை உண்டு என்று சட்டமே கூறிவிட்டு, தொகையின் அளவை மட்டும் அவரிடம் விடலாம். தெருச் சண்டைகளும் உட்புகுந்து இது, லட்சணம் எல்லை மீறிப் பரவும் அதிவியாப்தியாகும் என்று சிலர் ஆட்சேபிப்பர். ஆனால், சிகாகோவின் தெற்குப் பகுதித் தெருவொன்றில் குண்டடி பட்டவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு அதே செலவுதான்.