குல்மார்க்கில் பனிச்சறுக்கு வந்த கதை

நம்ம வலங்கைமானில் மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுவோம். பனிச்சறுக்கு என்றால் ஆல்ப்ஸ்தான் என்று நினைப்போம். ஆனால் காஷ்மீரின் குல்மார்க்கில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் 1927லேயே இதற்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள்!

சறுக்குவது சுலபம், திரும்ப மேலே ஏறுவதுதான் பாடு. ஆல்ப்ஸில் அதற்கு ரோப்கார் உண்டு. குல்மார்க்கிலும் 1980களின் கடைசியில் வேலை தொடங்கியது. அதற்குள் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம்; வேலை நின்றது. 1998ல்தான் முதல் கட்டம் ஓடியது. இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு சறுக்கும் ஸ்னோபோர்டு, நாகானோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பிடித்ததும் அதே ஆண்டுதான்.

2005ல் இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் சுமார் 13,000 அடிக்கு ஏறியது. வெளிநாட்டு ஸ்னோபோர்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். போக நினைப்பவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்றது. புதிதாகப் பழகுகிறவர்கள் கீழ்ச்சரிவோடு நின்றுகொள்ளுங்கள்; மேலே பனிச்சரிவு ஆளையே மூடிவிடும்.